தேர்முட்டி வீதிக்கு ஒரு பெஞ்சு

நொய்யல்புரம் தேர்முட்டி வீதியில் அன்று காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவே ஒரு வருடம் ஓடி முடிந்தது. சித்திரை வெயில் அடித்தது, ஆடித் தள்ளுபடிக்குக் கூட்டம் நெரிந்தது, ஐப்பசி மழையில் சாக்கடை பொங்கியது. யார் செருப்பிலும் ஒரு பொட்டுச் சேறு ஒட்டவில்லை. எல்லாம் நடந்தது மாநகராட்சி அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், உடைந்த நாற்காலிகளை அப்புறப்படுத்திவிட்டுப் பிடித்த ஓர் அறையில், சுவரை அடைத்துக்கொண்டிருந்த ஒரு திரையில்.

திரைக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றவள் மங்கையர்க்கரசி. உதவிப் பொறியாளர். ஊருக்கு மங்கை மேடம். வண்டிகளை விலக்கிவிட்டுத் தேர்முட்டி வீதியை நடப்பவர்களுக்கே விட்டுவிடுவதென்று மாநகராட்சி முடிவு செய்திருந்தது. முடிவு செய்வது சுலபம். அந்த வீதிக்கு என்ன பெஞ்சு, என்ன விளக்கு, குப்பைத்தொட்டிக்கு மூடி வேண்டுமா வேண்டாமா, ஸ்கூட்டர்காரன் நுழையாமலிருக்க எங்கெங்கே தூண் நடுவது என்று தேர்ந்தெடுக்கும் வேலை மங்கையின் தலையில் விழுந்தது. விழுந்ததில் அவளுக்குப் பரம சந்தோஷம். சாக்கடையும் தார் ரோடும் தவிர வேறெதையும் இதுவரை யாரும் அவளை நம்பிக் கொடுத்ததில்லை.

"இதென்னங்க இது, எறும்பு ஊர்ற மாதிரி?" என்று கேட்டார் நாச்சிமுத்து. கடைவீதி வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர். வீதியின் நடுவில் மூன்று மாடிக்கு ஜவுளிக்கடை வைத்திருப்பவர். பெஞ்சு என்று காதில் விழுந்தாலே அவருக்கு மூக்கு விடைக்கும். அதனால்தான் மங்கை அவரை வரவழைத்திருந்தாள்.

"எறும்பில்லீங்க, நம்மூரு ஜனங்க" என்றான் ரிஸ்வான். கம்ப்யூட்டருக்குள் ஓடும் இந்தப் பிரதி வீதியைச் செய்து கொடுத்த கம்பெனியின் ஆள். மூன்று மாதமாக இந்த அறையிலேயே டேரா. "ஊர்ல இருக்கற ஒவ்வொரு போனும் போன வருசம் பூரா இந்த வீதியில எப்படி நடந்துச்சு, எங்க நின்னுச்சு, எந்த வெயிலுக்கு ஓரமா ஒதுங்குச்சு, எல்லாம் இதுக்குத் தெரியும். ஒரு போனுக்கு ஒரு நடையாள். அவங்கவங்க கொணத்தோட நடப்பாங்க. இதுல ஒரு பெஞ்சை வெச்சா, நெசத்துல அந்த ஆள் என்ன பண்ணுவாரோ அதையேதான் நடையாளும் பண்ணும்."

"நெசமாலுமா?"

"பஸ் ஸ்டாண்டை மாத்தறதுக்கு முந்தி இதுல ஓட்டிப் பாத்தோமுங்க. யாரு புது வழியில போவாங்க, யாரு பழக்கதோசத்துல பழைய வழிக்கே போயி முழிப்பாங்கன்னு இது சொல்லுச்சு. அச்சு அசலா அப்படியே நடந்துச்சு."

நாச்சிமுத்து திரையை நெருங்கினார். "அப்ப நானும் இதுக்குள்ள இருக்கறனா?"

"இருப்பீங்க. அடுத்தவங்க பேரெல்லாம் பூட்டி வெச்சிருக்கு. தன்னைத் தானே பாத்துக்கறதுக்குச் சட்டத்துல தடையில்லீங்க" என்று சொல்லி ரிஸ்வான் எதையோ தட்டினான். ஜவுளிக்கடை வாசலில் ஒரு புள்ளி பச்சையாக மின்னியது. வாசலின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தது, நின்றது, மறுபடி நடந்தது.

"அட, நானேதான்!" நாச்சிமுத்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

மங்கைக்கும் ஆசை வந்துவிட்டது. "என்னையும் காட்டு, ரிஸ்வான்."

ரிஸ்வான் அவள் பெயரைப் போட்டுத் தேடினான். "உங்க பேர்ல ஆளே இல்லைன்னு வருதுங்க மேடம்."

"தெனமும் காலையில சாயந்திரம் அந்த வீதியிலதானப்பா நடக்கறேன்?"

"மாநகராட்சி ஆளுங்களைக் கணக்குல விட்டுட்டாங்களோ என்னமோ. கேட்டுச் சொல்றனுங்க."

அவன் கேட்கவில்லை, அவளும் நினைவூட்டவில்லை. ஊரே நடக்கிற வீதியில் தான் மட்டும் இல்லாதது அவளுக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அதற்குள் நாச்சிமுத்து பெஞ்சுக்கு வந்துவிட்டார்.

"அம்மணி, நான் வெளிப்படையாச் சொல்லிப்போடறேன். உக்கார எடம் குடுத்தீங்கன்னா ஜனம் உக்காந்துரும். உக்காந்த ஜனம் எந்திரிக்காது. எந்திரிக்காத ஜனம் எப்படீங்க கடைக்குள்ள வரும்?"

"நடக்கறவங்களுக்குன்னு ஒரு வீதியைப் பண்ணிப்போட்டு, கால் நோவுதுன்னா உக்கார ஒரு எடமில்லைன்னா எப்படீங்க? பாதி வழியிலயே திரும்பிப் போயிர மாட்டாங்களா?"

"திரும்பிப் போறவன் போகட்டுமுங்க. படுத்துத் தூங்கறவன் வராம இருந்தாப் போதும்."

இருவரும் 'ங்க' குறையாமல் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். எங்கள் பக்கத்தில் கழுத்தைப் பிடித்தாலும் மரியாதையோடுதான் பிடிப்பது. கடைசியில், பொதுக்குழுவில் பார்த்துக்கொள்வோம் என்று நாச்சிமுத்து கிளம்பிப் போனார். வீதித் திட்டத்துக்கு ஒப்புதல் தர மாநகராட்சியும் வியாபாரிகளும் கூடும் பொதுக்குழு அடுத்த மாதம். மங்கை எதைத் தேர்ந்தெடுத்து எழுதிக் கொடுக்கிறாளோ அதைத்தான் அங்கே வைப்பார்கள்.

அவள் அசரவில்லை. ஒவ்வொரு பெஞ்சாக இறக்கிப் பார்த்தாள். இரும்பு பெஞ்சில் பத்து மணிக்கு மேல் ஒரு நடையாளும் உட்காரவில்லை, உட்கார்ந்தவர்களும் சுட்டுக்கொண்டு எழுந்தார்கள். முதுகுப் பலகை இல்லாத கல் பெஞ்சில் வயதானவர்கள் உட்கார்ந்தார்கள், ஆனால் எழுந்திருக்கச் சிரமப்பட்டார்கள். கடைச் சுவரைப் பார்த்து ஒரு பெஞ்சைத் திருப்பிப் போட்டபோது அதைச் சீந்த நாதியில்லை. நம் ஜனங்களுக்கு உட்கார்ந்தால் எதிரே நாலு பேர் போகவேண்டும். ஒரு வாரம் இப்படி விளையாடியபின் இரும்புக் கால், மரப்பலகை, சாய்மானம், இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள ஒரு பெஞ்சைப் புங்க மரத்தடியில் வீதியைப் பார்த்து வைத்தாள். வீதியே மாறிப்போனது. பாதியில் திரும்பிக்கொண்டிருந்த கிழங்கள் கோடி வரை நடந்தன. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் இறக்கிவிட்டு உட்கார்ந்து, மறுபடி தூக்கிக்கொண்டு போனார்கள். நாச்சிமுத்துவின் கடைக்குள்கூடக் கூட்டம் ஏறியது.

அந்த இரண்டு நடையாட்கள் கண்ணில் பட்டது அப்போதுதான்.

ரிஸ்வான்தான் முதலில் பார்த்தான். "மேடம், இந்த ரெண்டு பேரைப் பாருங்க. போன வருசம் பூரா இந்த வீதியில எங்கயும் நிக்காதவங்க. வந்தா வந்த வேகத்துல போயிருவாங்க. பெஞ்சை வெச்சதுக்கப்புறம் கதையே வேறங்க."

ஒரு புள்ளி மேற்குக் கோடியிலிருந்து ஐந்தே முக்காலுக்கு வரும். வலது தோளில் எதையோ சுமந்ததுபோல ஒரு பக்கம் சாய்ந்த நடை. இன்னொன்று கிழக்கிலிருந்து வரும். முதலில் சில வாரங்கள் பெஞ்சில் ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போயின. ஆடி பிறந்தபோது நடுவில் இடைவெளி குறைந்தது. புரட்டாசியில் ஒன்று வரும்வரை மற்றொன்று எழுந்திருக்கவில்லை. மழைக்காலத்தில்கூட, தூறல் விட்டதும் இரண்டும் வந்துவிட்டன. விளக்குப் போட்டபிறகும் வெகுநேரம் அங்கேயே இருந்தன. எழுந்து போகும்போது இரண்டின் நடையும் மெதுவாக இருந்தது.

"லவ்வுங்க மேடம்" என்றான் ரிஸ்வான்.

"சும்மா இருப்பா" என்றாள் மங்கை. ஆனால் மறுநாள் காலையில் வந்ததும் வராததுமாக, "அந்த ரெண்டு பேர் என்ன ஆனாங்கன்னு பாரு" என்றாள். டீ வந்தால் அந்தப் பெஞ்சைப் பார்த்துக்கொண்டேதான் குடித்தாள். இன்னும் வாங்காத ஒரு பெஞ்சில், இன்னும் சந்திக்காத இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு குளிர்ந்தது.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"யாரு இவங்க?"

"பூட்டி இருக்குதுங்க. ஏதாவது கோளாறு வந்தாத் திறக்கறதுக்கு உங்க கைரேகைக்கு மட்டும் அனுமதி இருக்குது. கோளாறு ஒண்ணும் இல்லீங்களே."

"எதுக்கும் ஒரு தடவை சரிபாத்துரலாம்" என்று மங்கை கட்டைவிரலை வைத்தாள்.

இரண்டு பெயர்கள் வந்தன. கிழக்கிலிருந்து வருவது கலைவாணி, வயது முப்பத்தொன்பது, தென்றல் நகர். மேற்கிலிருந்து வருவது திருஞானம், வயது நாற்பத்தாறு, ஆசிரியர் காலனி.

ஆசிரியர் காலனியில் இருப்பது ஒரே ஒரு திருஞானம். மேற்குக் கோடியில் இருக்கிற அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் வாத்தியார். மங்கையின் கணவர்.

ரிஸ்வான் திரையைப் பார்த்தான், மேடத்தைப் பார்த்தான், பிறகு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். புத்திசாலிப் பையன்.

அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் மங்கை தன் கணவரைப் பதினான்கு வருடத்தில் பார்க்காத மாதிரிப் பார்த்தாள். திருஞானம் ஒல்லி, வழுக்கை ஆரம்பம், ரசத்தை உறிஞ்சும்போது கண்ணை மூடிக்கொள்வார். இவரைப் போய் ஒருத்தி.

"இன்னைக்கு எத்தனை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டீங்க?"

"ஸ்பெஷல் கிளாஸ் இருக்குதே. ஆறரை ஆச்சு."

ஐந்தே முக்கால் என்று பிரதி சொல்கிறது. ஆறரை என்று ஆள் சொல்கிறார்.

"உங்க பள்ளிக்கூடத்துல கலைவாணின்னு யாராச்சும் இருக்கறாங்களா?"

"எந்தக் கலைவாணி?"

"எத்தனை கலைவாணி இருக்கறாங்க?"

திருஞானம் யோசித்தார். "எட்டாவதுல ஒருத்தி இருக்கறா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க."

என்னவென்று கேட்பது? நீங்கள் வரப்போகிற புரட்டாசியில் செய்யப்போகிற காரியத்துக்கு இப்போதே பதில் சொல்லுங்கள் என்றா? அந்த மனிதர் இன்னும் அந்தப் பெண்ணின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. மங்கைக்கு அது நன்றாகவே தெரிந்தது. தெரிந்தும் அவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அவருக்குப் பிடித்த மோர்க்குழம்பு அந்த வீட்டிலிருந்து மறைந்தது. தான் சந்தேகப்படுவது கணவரை அல்ல, பெஞ்சைத்தான் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் ரிஸ்வானிடம், "பெஞ்சை எடுத்துட்டு ஓட்டு" என்றாள்.

ஓட்டினான். ஐந்தே முக்காலுக்கு ஒரு புள்ளி மேற்கிலிருந்து வந்தது, இன்னொன்று கிழக்கிலிருந்து வந்தது, புங்க மரத்தடியில் ஒன்றையொன்று உரசாத குறையாகக் கடந்து போயின. ஒரு வருடம் முழுவதும் தினமும் அப்படியே. ஒரு நாள்கூட ஒன்று நின்று மற்றதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒரு பெஞ்சுதாங்க வித்தியாசம்" என்றான் ரிஸ்வான்.

பெஞ்சை அப்படியே தூக்கிப் பெட்டிக்கடைப் பக்கம் போட்டுப் பார்த்தார்கள். இரண்டும் அங்கே போய் உட்கார்ந்தன. ஒற்றை ஆள் இருக்கைகளாகத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். பக்கத்துப் பக்கத்து இருக்கையாகப் பார்த்துப் பிடித்தன. வெயிலில் வைத்தாலும் வந்தன. வீதியில் உட்கார ஏதோ ஒன்று இருந்தால் போதும், எப்படியும் சேர்ந்துவிட்டன.

"அப்ப உக்கார ஒண்ணுமே வேண்டாம்."

"மேடம், அவங்க இன்னும் ஒண்ணுமே பண்ணலீங்க."

"பண்ணினதுக்கப்புறம் வந்து சரி பண்றதா எஞ்சினியர் வேலை?"

"மத்தவங்களைப் பாருங்க" என்று அவன் திரையைக் காட்டினான். வயதான நடையாட்கள் புங்க மரம் வரை வந்து, கொஞ்சம் நின்று, திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. இடுப்பில் பிள்ளையோடு வந்தவர்கள் வரவேயில்லை. "அந்த ரெண்டு பேருக்காக இவங்க அத்தனை பேரும் நிக்கணுமுங்களா?"

மங்கைக்கு முகம் சுட்டது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தை விடப் பயம் பெரிதாக இருந்தது. இந்த ஊருக்கு அவள் வாக்கப்பட்டு வந்தவள். தாராபுரத்தில் விட்டுவிட்டு வந்த சிநேகிதிகள் ஒவ்வொருத்தியாகக் கழன்றுபோனார்கள். ஆபீஸில் எல்லோரும் ஆண்கள், மேடம் வந்தால் பேச்சை மாற்றுவார்கள். ராத்திரி உட்கார்ந்து நாலு வார்த்தை பேச அவளுக்கு இருந்தது அந்த வழுக்கை வாத்தியார் ஒருவர்தான். அவரையும் ஒரு பெஞ்சுக்குக் கொடுக்க அவள் தயாராக இல்லை.

பொதுக்குழுவில் அவள் எழுந்து, ஆய்வின்படி இருக்கைகள் தேவைப்படவில்லை என்றாள். நாச்சிமுத்துவுக்கு நம்பவே முடியவில்லை. எதிர்த்துப் பேச எழுதி வைத்திருந்ததையெல்லாம் சட்டைப்பைக்குள் மடித்துத் திணித்துவிட்டு, வெளியே வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மணி, உங்களைத் தப்பா நெனைச்சுப்போட்டேன்" என்றார். மங்கைக்கு அந்தக் கும்பிடைத் திருப்பக் கை எழவில்லை.

சித்திரையில் வீதி திறந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பழைய காலத்து வடிவத்தில் விளக்குக் கம்பங்கள், மூடி போட்ட குப்பைத்தொட்டிகள், சிமெண்டுத் தொட்டிகளில் அரளிச் செடி, இரண்டு கோடியிலும் குட்டையாக வண்டித் தடுப்புத் தூண்கள். முதல் வாரம் ஊரே வந்து செல்ஃபி எடுத்தது. இரண்டாவது வாரம் ஜனங்கள் செடித் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார்கள். செடி சாய்கிறது என்று காவலாளி விரட்டினார். தடுப்புத் தூணின் தலையில் ஒரு பெரியவர் உட்கார முயற்சி செய்து வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டார். மங்கை அன்று மாலை அந்த வீதி வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனாள்.

ஆனி மாதம் நாச்சிமுத்து ஆபீஸுக்கே வந்துவிட்டார். உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"என்னங்க அம்மணி இப்படிப் பண்ணிப்போட்டீங்க?"

"நீங்க கேட்டதைத்தானுங்க பண்ணினேன்."

"நான் ஆயிரம் கேப்பேன். படிச்சவங்க நீங்க யோசிக்க வேண்டாமா? எல்லாரும் என்ற கடைக்குள்ள வந்து உக்காந்துக்கறாங்க. கல்யாணப் பட்டு எடுக்கற எடத்துல, வரிசையா, காலை நீட்டிக்கிட்டு! ஏசிக் காத்து வேற. ஒருத்தர் துண்டை விரிச்சுப் படுத்தே போட்டாருங்க. எந்திரின்னு எப்படிச் சொல்றது, பாவம், மூச்சு வாங்குது."

மங்கை எதையோ சொல்லி அவரை அனுப்பினாள். அன்று வீட்டுக்குப் போகும்போது மனசு கனத்திருந்தது. பெரியவரின் மணிக்கட்டு, நாச்சிமுத்துவின் கடையில் மூச்சு வாங்கிப் படுத்தவர், எல்லாம் தன் கட்டைவிரலில் ஆரம்பித்தது என்று தோன்றியது. அந்த நேரம் பார்த்துத் திருஞானம், "ஏம்புள்ள, நம்ம வீட்ல மோர்க்குழம்பை ஒரேயடியா நிறுத்திட்டயா?" என்று கேட்டார்.

மங்கை வெடித்துவிட்டாள். பிரதி, நடையாள், புங்க மரம், ஐந்தே முக்கால், கலைவாணி, எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. திருஞானம் முதலில் சிரித்தார். பிறகு அவள் அழுவதைப் பார்த்து நிறுத்தினார். பிறகு அவருக்கே கோபம் வந்தது.

"செய்யாத தப்புக்கு இத்தனை மாசமாப் பேசாம இருந்தயா? கொலை பண்ணினவனைக்கூட என்னன்னு கேட்டுப்போட்டுத்தான் உள்ள வைக்கறாங்க. ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"ஆறரை மணி வரைக்கும் ஸ்பெஷல் கிளாஸ்னு ஏனுங்க பொய் சொன்னீங்க?"

"பொய்யா? ஆறரைக்குத்தான் விடறேன். விட்டதும் கோனார் கடையில பஜ்ஜி தின்னுட்டு வர்றேன், அதைச் சொல்லலை. சர்க்கரை இருக்குதுன்னு திட்டுவயேன்னு." அவர் குரல் இறங்கியது. "அஞ்சே முக்காலுக்கு நான் கரும்பலகை முன்னால நிக்கறேன். நாப்பது பசங்க சாட்சி. அந்த நடையாள் நான்தான்னு எதை வெச்சுச் சொல்றே?"

"பேரு வந்துச்சே. போன் கனெக்‌ஷன் யாரு பேர்ல இருக்குதோ அவங்க பேரு வரும். திருஞானம், ஆசிரியர் காலனி."

திருஞானம் கையிலிருந்த தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"என்ற போன் எங்கப்பா பேர்ல இருக்குது, மங்கை. அவர் வாங்கின நம்பர்தான், இன்னும் மாத்தலை. உங்க பிரதியில பாரு, செத்துப்போன எங்கப்பா தெனமும் ஆறரைக்குப் பஜ்ஜி தின்னுட்டிருப்பாரு." அவர் மனைவியின் கைப்பையைப் பார்த்தார். "என்ற பேர்ல நான் வாங்கினது ஒரே ஒரு நம்பர். கல்யாணமான புதுசுல. உன்ற ஆதார்ல தாராபுரம் விலாசம் இருந்துச்சு, மாத்தறதுக்கு லேட்டாகும்னு என்ற ஆதாரைக் குடுத்து வாங்கினேன்."

மங்கையும் பார்த்தாள். கைப்பை நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது. டிபன் கேரியர், தண்ணீர் பாட்டில், குடை, வரைபடச் சுருள் எல்லாம் திணித்து, தினமும் வலது தோளில் மாட்டி, ஒரு பக்கம் சாய்ந்தபடி, ஐந்தே முக்காலுக்கு மேற்குக் கோடி ஆபீஸிலிருந்து வீதிக்குள் நுழைவது யார் என்று அவளுக்கு இப்போது யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அப்ப அந்தக் கலைவாணி யாருங்க?" என்றாள்.

"என்னையக் கேட்டா? உன்ற கூட்டாளி" என்றார் திருஞானம்.

மறுநாள் ஆபீஸில் அவள் அந்தப் பழைய ஓட்டத்தைத் திரும்பப் போடச் சொன்னாள். ரிஸ்வானிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன் தலையில் அடித்துக்கொண்டான். "பொம்பளைங்க பாதிப் பேர் போன் அப்பா பேர்லயும் வீட்டுக்காரர் பேர்லயும்தானுங்க இருக்கும். எனக்கு இது தோணலை பாருங்க. எங்கம்மா போனே என்ற பேர்லதான் இருக்குது."

மங்கை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் முதுகை யார்தான் பார்த்திருக்கிறார்கள்? மேலிருந்து பார்க்கும்போது அவள் சின்னதாக, அவசரமாக, யாரையும் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தாள். பெஞ்சு வந்ததும் நின்றாள். உட்கார்ந்தாள். இன்னொருவர் வந்து உட்கார்ந்தார். நாட்கள் ஓடின, அவள் எழுந்திருக்க மறந்தாள். அந்தப் புள்ளிகளுக்கு முகம் இல்லை, வாய் இல்லை. ஆனாலும் இரண்டும் பேசிக்கொண்டுதான் இருந்தன என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அப்படி விளக்குப் போடும்வரை பேசுவதற்கு அவளிடம் என்ன இருந்திருக்கும்? அவளுக்கே தெரியவில்லை. பொறாமையாக இருந்தது. இந்த முறை தன் மேலேயே.

"விலாசம் இருக்குதுங்களே மேடம். தென்றல் நகர். கட்டைவிரலை வெச்சீங்கன்னா கதவு நெம்பர் வந்துரும். நேராப் போயிப் பாத்தர்லாம்."

மங்கை கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். "போதும்ப்பா. ஒரு தடவை வெச்சது போதும். அதுவுமில்லாம, அந்தப் போனை வெச்சிருக்கறது கலைவாணிதான்னு யாரு கண்டா?"

அவள் ஆணையரிடம் போய், ஆய்வில் தவறு நடந்துவிட்டது, தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தாள். விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. அதை வாங்கி வைத்துக்கொண்டாள். பெஞ்சு வேண்டும் என்று அடுத்த பொதுக்குழுவில் மேஜையைத் தட்டியவர் நாச்சிமுத்து. இரண்டு தன் செலவிலேயே போடுவதாகச் சொல்லி, முதுகுப் பலகையில் கடை பெயரை எழுதலாமா என்றும் கேட்டார். கூடாது என்றாள் மங்கை.

ஐப்பசியில் பெஞ்சுகள் இறங்கின. இரும்புக் கால், மரப்பலகை, சாய்மானம், இரண்டு பக்கமும் கைப்பிடி. வேலை முடிந்து, கம்பெனிக்குத் திரும்பக் கிளம்பிய ரிஸ்வான் போகிறபோக்கில் ஒன்று சொன்னான்.

"மேடம், ஒண்ணே ஒண்ணுங்க. ரொம்ப நம்பிக்கை வெச்சுக்காதீங்க. பிரதியில உக்காந்தவங்களுக்கு என்ன நடக்கும்னு தெரியாது. சும்மா கால் நோவுதுன்னு உக்காந்தாங்க. உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. இனி நீங்க எதிர்பாத்துட்டு உக்காருவீங்க. அப்படி ஒரு ஆள் இதுல ஓடவே இல்லீங்க."

அவன் சொன்னதுதான் நடந்தது. மங்கை தினமும் போய்ப் புங்க மரத்தடியில் உட்கார்ந்தாள். கிழக்கிலிருந்து வருகிற ஒவ்வொருவரையும் இவரா, இவரா என்று பார்த்தாள். ஒரு நர்ஸ் வந்து உட்கார்ந்தார். மங்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் சங்கடப்பட்டு எழுந்து போய்விட்டார். தக்காளிப் பை வைத்திருந்த ஒருவரிடம், "நீங்க தென்றல் நகருங்களா?" என்று கேட்டாள். அவர் இல்லை என்று சொல்லி, பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி உட்கார்ந்திருந்தால் யார்தான் பக்கத்தில் இருப்பார்கள்? கிழங்கள் மட்டும் அவளைச் சட்டை செய்யாமல் மற்றப் பெஞ்சுகளில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தன. அதைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

கார்த்திகையில் அவளுக்கே அலுத்துவிட்டது. திருஞானத்தோடு மறுபடி பேச்சு சகஜமாகியிருந்தது, மோர்க்குழம்பு திரும்பியிருந்தது, சனிக்கிழமைகளில் ஒரே ஒரு பஜ்ஜிக்கு அனுமதி கொடுத்திருந்தாள். இருப்பதை வைத்துச் சந்தோஷமாக இருக்கலாம் என்று முடிவு செய்துகொண்டாள். ஆனாலும் பெஞ்சில் உட்காரும் பழக்கம் மட்டும் விடவில்லை.

அன்று புது பம்ப் ஹவுஸைச் சுற்றிப் பார்க்கிறேன் என்று நாள் பூராவும் நின்றதில் கால் விண்விண்ணென்று தெறித்தது. கிழக்கையும் பார்க்கவில்லை, மேற்கையும் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி வைத்து, கைப்பையைப் பக்கத்தில் கிடத்தி, குனிந்து கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். கிழக்கேயிருந்து வந்த செருப்புச் சத்தம் பக்கத்தில் நின்று, மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"அப்பாடா, ஒரு வழியா இங்கயும் பெஞ்சு போட்டுட்டாங்க. ரெண்டு மாசம் ஊர்ல இல்ல, அதுக்குள்ள வந்திருக்குது. வீதியைத் தொறக்கறப்பவே போட்டா என்னவாம்? எந்தப் புண்ணியவான் தடுத்து வெச்சானோ!"

மங்கை நிமிராமலே, "நாந்தானுங்க" என்றாள்.

எதிரே நின்ற செருப்புகள் ஓர் அடி பின்னால் போய், மறுபடி பக்கத்தில் வந்தன.

"அப்படீங்களா?" என்றது குரல். "சரி, அந்தப் பையை எடுத்துப்போட்டு அக்கட்ட தள்ளி உக்காருங்க. எனக்கும் கால் நோவுது."